சாலையும் பேரரசும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

‘பண்டைப் பேரரசுகள் வீழ்ந்தது ஏன்?’ என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இது ஒரு பெருங்கடல். அரை மணி நேரத்தில் அதனை நீந்திக் கடப்பது இயலாத செயல். ரோமாபுரி, எகிப்து, பாபிலோன் என்று தொலைவிலுள்ள நாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் நீங்களும் களைப்பீர்கள், நானும் களைப்பேன். ஆகவே, நாம் நாள்தோறும் காய்கறிப் பையோடு நடந்து செல்லும் தெருவிலிருந்தே தொடங்க எண்ணுகிறேன். நமது சாலைத் தெருவில் வீழ்ந்த ஓர் அரசின் அடையாளம் கிடக்கிறது. அதன்மேல் மிதித்துக்கொண்டுதான் நாம் கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் விலை பேசுகிறோம்.

சாலை என்ற பெயர் எப்படி வந்தது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், ‘வண்டி போகும் சாலை’ என்றே விடை கூறுவார்கள். பெரியவர்களிற் பலரும் அவ்வாறே கருதுகின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் இக்கடைத்தெருவை அமைத்தார் என்பதும், தமிழகத்திலிருந்து வணிகர் பலர் இங்கு வந்து குடியேறினர் என்பதும் உண்மை. ஆனால் அருகிலேயே வலியசாலை என்றும் ஆரியசாலை என்றும் பெயர்கள் வழங்குகின்றனவே, அவையும் வண்டிப் பாதைகள்தாமா? வலியசாலையிலுள்ள மகாதேவர் கோயிலுக்குக் காந்தளூர்க் கோயில் என்ற பெயர் ஏன்? இங்கேதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கதவு திறக்கிறது.

பொதியமலைச் சாரலிலிருந்து குமரிமுனை வரையில் ஆய் மரபினர் ஆண்டனர். சங்க காலத்து ஆய் அண்டிரனின் கொடையை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியிருக்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய தாலமி என்ற கிரேக்கப் புவியியலாரும் இவர்கள் நாட்டைக் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இவர்களுக்கு விழிஞம் தலைநகராயிற்று. இம்மரபிலே வந்த கருநந்தடக்கன் என்பவன் கி.பி. 866ஆம் ஆண்டில் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். அச்செய்தியைக் கூறும் செப்பேடு கிடைத்திருக்கிறது. கோபிநாதராவ் அவர்கள் அதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் தொகுதியில் பதிப்பித்தார்.

அச்சாலை எத்தகையது? தொண்ணூற்றைந்து மாணவர்க்கு உண்டியும் உறையுளும் கொடுத்துக் கற்பித்த இடம். இந்த 95 இடங்களையும் வேதக் கிளைகளுக்கு ஏற்ப 45, 36, 14 என்று பிரித்திருந்தார்கள். சேர விரும்புவோன் இலக்கணம் அறிந்திருத்தல் வேண்டும். அதனோடு நிற்கவில்லை, மூன்று அரசுகளின் நடைமுறையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்று விதித்தார்கள். சேரர், சோழர், பாண்டியர் ஆகிய மூவர் நாட்டின் ஆட்சி முறையும் தெரிந்த இளைஞர்களை ஒரு சிற்றரசன் தன் செலவில் உருவாக்கியிருக்கிறான் என்றால் அவனது அறிவை என்னென்பது! மாணவர்கள் கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரலாகாது, சண்டையிட்டால் தண்டம் என்றெல்லாம் விதிகள் இருந்தன. குற்றம் செய்தவனுக்குச் சோறு நிறுத்தப்படும் என்ற விதியும் உண்டு. விதி இருக்கிறது என்றால் குற்றமும் நடந்திருக்கிறது என்பது பொருள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இதனைக் கேட்டு நகைப்பதைக் காண்கிறேன்.

இச்சாலை எதைப் பார்த்து அமைக்கப்பட்டது தெரியுமா? காந்தளூர் முறைப்படி என்று செப்பேடே கூறுகிறது. அப்படியானால் காந்தளூரில் அதற்கு முன்பே, ஏனையோர் பார்த்துப் பின்பற்றத் தக்க பெருஞ்சாலை ஒன்று இருந்திருக்கிறது. அந்தக் காந்தளூர் நமது வலியசாலையே என்பர் ஒரு சாரார். விழிஞத்தின் பக்கம் என்பர் மற்றொரு சாரார். நம் தெருவின் மீதுள்ள பாசத்தால் நான் முதற் சாரார் பக்கம் நிற்கிறேன். பாசம் சான்றாகாது என்பதையும் அறிவேன்.

இனி, அது அழிந்த கதைக்கு வருவோம். கி.பி. 985இல் முதலாம் இராசராசன் சோழ அரியணை ஏறினான். சில ஆண்டுகளுக்குள் அவன் பெயருக்கு முன்னால் காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்த’ பெருமை சேர்ந்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பதற்கும், ஈழத்தை வெல்வதற்கும் முன்னால் அவன் தன் முதற் பெரும் வெற்றியாகக் கருதியது இதுதான். கலமறுத்தல் என்றால் என்ன என்பதில் அறிஞரிடையே பெரும்போர் நடந்திருக்கிறது. கலம் என்பது கப்பல், ஆகவே சேரனின் கப்பல்களை அழித்தான் என்றார் நீலகண்ட சாஸ்திரியார் முதலியோர். கலம் என்பது உண்கலம், சாலையில் உண்போர்க்குரிய உரிமையைப் பற்றியது என்றனர் வேறு சிலர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதியிருக்கிறார். அவர் இந்நகரத்துப் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். பின்னர் எம்.ஜி.எஸ். நாராயணன் அவர்கள், இச்சாலை மாணவர்கள் வேதத்தோடு படைக்கலமும் பயின்றவர்கள் என்று விளக்கினார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு கல்விச்சாலையை அழிக்க யாரையும் வெட்டவேண்டியதில்லை. அங்கே எரியும் அடுப்பை அணைத்தால் போதும். இது என் துணிபேயன்றி முடிந்த முடிபு அன்று.

ஒன்றை இங்கே கவனியுங்கள். காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததாக இராசராசன் மட்டுமா கூறிக்கொண்டான்? அவனுக்குப் பின் இராசாதிராசனும், அதற்கும் பின் முதலாம் குலோத்துங்கனும் இதனைத் தத்தம் புகழாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருமுறை அறுத்தது அறுந்துபோயிருந்தால் மறுமுறை அறுப்பானேன்? பேரரசு ஓங்கி அடித்த பின்னும் இந்தச் சிறிய இடம் மீண்டும் மீண்டும் தலையெடுத்திருக்கிறது. ஆனால் அதனைப் புரந்த ஆய் மரபு தலையெடுக்கவில்லை. வடமேற்கே சேரர், கிழக்கே பாண்டியர், அவர்களை வென்று வந்த சோழர் என மூன்று யானைகளுக்கு நடுவே நின்ற வாழைத்தோட்டம்போல அது நசுங்கியது. வேணாட்டரசர் அவ்விடத்தைப் பெற்றனர்.

அடித்த யானையின் கதை என்னவாயிற்று என்று பார்ப்பதுதான் இன்றைய பொருளுக்கு இன்றியமையாதது.

சோழப் பேரரசைப் போல் வலிமை பெற்றது தமிழ் வரலாற்றில் பிறிதொன்று இல்லை. கி.பி. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரம் வரை சென்றது. ஆனால் அவ்வலிமை அரண்மனையிலே பிறந்ததன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர் வாரியங்களுக்குக் குடவோலையால் ஆள் எடுத்த முறை அவற்றில் விரிவாக இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்று, அவன் நெருங்கிய உறவினர்க்கும் அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது. ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டத்தைக் காக்க ஒரு வாரியம், பொன்னின் மாற்றைப் பார்க்க ஒரு வாரியம்! ஊர் தன் ஏரியைத் தானே தூர்வாரிக்கொண்டதனால் அரசன் கடல் கடந்து போக முடிந்தது.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே சோணாட்டைப் பாருங்கள். மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சி. திருபுவனத்தில் கம்பகரேசுவரர் கோயில் எழுகிறது. இன்றும் காண்போர் வியக்கும் கோயில். அவன் காலத்திலேயே, கி.பி. 1201இல், திருப்பாம்புரத்தில் ஒரு கல்வெட்டு எழுதப்படுகிறது. பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி அரிசி. ஒரு வேளாளன் தன்னையும் தன் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொள்கிறான்.

அன்பர்களே, பேரரசு வீழ்ந்த ஆண்டு 1279 என்று பாட நூல்கள் கூறும். மூன்றாம் இராசேந்திரனின் கடைசிச் செய்தி அவ்வாண்டோடு நின்றுவிடுவதால் அவ்வாறு கணக்கிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தந்தை தன் மக்களின் கைப்பிடித்துக் கோயில் வாயிலில் நின்ற நாளிலேயே அது வீழ்ந்துவிட்டது என்பேன். உழுதவனின் களஞ்சியத்தில் ஓராண்டுப் பஞ்சத்தைத் தாங்கும் நெல் இல்லை. பஞ்சம் இயற்கையின் செயல் என்பார்கள். மழை பொய்ப்பது இயற்கைதான். ஆனால் கோபுரத்துக்குக் கல் ஏற்றப் பொருள் இருந்த நாட்டில், ஒரு குடியானவன் தன்னை விற்றுக்கொள்ள நேர்ந்ததற்கு மழையை மட்டும் குறை கூறுதல் தகுமா?

பின்னர் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பாண்டியன் முதலாம் மாறவர்மன் சுந்தரன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் தீக்கிரையாக்கினான். கி.பி. 1231இல் கோப்பெருஞ்சிங்கன் என்ற குறுநிலத் தலைவன் தன் பேரரசனாகிய மூன்றாம் இராசராசனையே சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். போசள மன்னன் படையனுப்பி மீட்கவேண்டியதாயிற்று. இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரத்து மதிற் கற்கள், 1836இல் கொள்ளிடத்தின் கீழணை கட்டுதற்காகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. நீர்ப்பாசனத்தால் வளர்ந்த அரசின் கற்கள் மீண்டும் நீருக்கே சென்றன என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். எனக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை.

சோழரை வென்ற பாண்டியராவது நிலைத்தார்களா? 1310இல் சுந்தரனும் வீரனும் என்ற உடன்பிறந்தார் இருவர் அரசுரிமைக்காகப் போரிட்டனர். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்துவிட்டது. சோழர் மறைந்து முப்பத்திரண்டே ஆண்டுகள்! அக்குழப்பத்திடையே நம் வேணாட்டு மன்னன் இரவிவர்ம குலசேகரன் கொல்லத்திலிருந்து புறப்பட்டு, காஞ்சிபுரம் வரை சென்று, வேகவதிக் கரையிலே முடிசூடினான். அதுவும் ஒரு மின்னல், அவனோடு மறைந்தது.

இனி, அயல்நாடுகளையும் ஒரு பார்வை பார்ப்போம். ஈழத்தில் அநுராதபுரமும் பொலன்னறுவையும் ஏரிகளால் வாழ்ந்த நகரங்கள். பொலன்னறுவை கி.பி. 1215இல் கலிங்க மாகனின் கையில் விழுந்தது. பகைவர் படை வருவதும் போவதும் அத்தீவுக்குப் புதிதன்று; முன்பு சோழர் வந்து போனபின் ஏரிகளைத் திருத்திக்கொண்டு எழுந்தார்கள். இம்முறை ஏரிகளைப் பராமரித்து வந்த ஒழுங்கே குலைந்தது. கரைகள் உடைந்தன, காடு வளர்ந்தது, காய்ச்சல் பரவியது. அரசு தென்மேற்கு மலைப்புறத்துக்குப் பெயர்ந்தது. அடியை எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கலாம். மண்வெட்டியை எடுக்கவேண்டிய கை இல்லாது போனால்தான் மீள முடிவதில்லை.

சிந்துவெளியின் கதை இன்னும் வியப்பானது. 1924இல் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்த அந்நகரங்கள் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்தன. வெளியார் படையெடுத்து அழித்தனர் என்று ஒரு காலத்தில் கற்பித்தார்கள். இப்போது அறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்பதில்லை. பருவமழை மெலிந்தது, ஆறுகள் போக்கு மாறின, தொலைநாட்டு வாணிகம் சுருங்கியது. மக்கள் அழிந்துபோகவில்லை, நகரங்களைக் கைவிட்டுக் கிழக்கே சிற்றூர்களுக்குப் பெயர்ந்தார்கள். சோறு கிடைத்தது, உயிர் பிழைத்தது. ஆனால் எழுத்தை எழுதுவோர் இல்லாது போயினர். முத்திரைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தும் இன்றுவரை அவற்றை ஐயமின்றிப் படிப்பார் இல்லை.

இவ்விடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாலைக்கு வந்து, ஒரு பலசரக்குக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய நாள்வழிப் புத்தகம் ஒன்று வீட்டுப் பரணில் இருந்தது. சென்ற ஆண்டு அதனை என் பேரன் எடுத்துவந்து, “தாத்தா, இது எந்த மொழி?” என்று கேட்டான். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை. மலையாளமும் ஆங்கிலமும் பிழையின்றி எழுதுவான். மலையாளத்தில் கட்டுரைப் பரிசும் வாங்கியிருக்கிறான். அதில் எனக்குப் பெருமையே. ஆனால் தமிழெழுத்தை அவன் ஒரு மொழியென்றே அறிந்துகொள்ளவில்லை. எனக்குச் சினம் வந்தது. “கொடு, நான் படிக்கிறேன்” என்று வாங்கினேன்.

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். முதற் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பாட்டனார் எண்களைத் தமிழெண்களில் எழுதியிருந்தார். மா, காணி, வீசம் என்ற பின்னங்களையும் அவற்றிற்குரிய குறிகளிலே எழுதியிருந்தார். எனக்கு அவை தெரியவில்லை. எந்நாளில் எவ்வளவு மிளகு வந்தது, யார் எவ்வளவு கடன் நின்றார் என்று அறிய முடியவில்லை. பேரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் வந்த சினம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பகைவன் படையெடுத்தான்? யார் கலமறுத்தார்? என் தந்தையார் என்னைக் கற்கச் சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

இத்தனை வீழ்ச்சிகளைச் சொன்னேனே, வீழாதது ஒன்றைச் சொல்லாமல் அமர்தல் முறையன்று. சோழ அரசின் கடைசி ஆண்டு 1279 என்றேன் அல்லவா? 1281இல், சீன நாட்டுச் சுவான்சௌ துறைமுகத்தில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒருவர் ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளுவித்து, தமிழிலே கல்வெட்டுப் பொறித்தார். அங்கே ஆட்சி செய்தவர் குப்லாய்கான். அவர் நலத்துக்காக வேண்டிக்கொண்டே அக்கல்வெட்டு எழுதப்பட்டது. தாயகத்தில் பேரரசு மறைந்து ஈராண்டுகள் ஆகிவிட்டன. அயல்மண்ணில் வணிகர் கூட்டம் தமிழில் கல்லெழுதுகிறது! அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1088இல், சுமத்திராவின் பாரூசு துறையில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு தமிழ்க் கல்வெட்டு நாட்டியிருந்தது. அண்மையில், நம் கொல்லத்தில், 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்கள் இடம்பெறுகின்றன. அரசுகள் மாறின. கூடியிருந்து, கணக்கு எழுதி, விளக்கேற்றி, வரவு செலவு காட்டிய இக்குழுக்கள் அவற்றினும் நெடிதாக நிலைத்தன. நாம் சங்கம் என்று இங்கே கூடியிருப்பது ஏறத்தாழ அதுதான் என்று எண்ணுகிறேன். ஆண்டறிக்கையும் வரவு செலவும் படிக்கும்போது உறங்கிப்போகிறோம் என்பது வேறு.

இனி ஒரு செய்தியோடு முடிக்கிறேன். பார்த்திவபுரம் இன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாளன்று எல்லை பிரித்தபோது விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டோடு சேர, பார்த்திவபுரம் அந்தப் பக்கம் போயிற்று. வலியசாலை இந்தப் பக்கம் நின்றது. மூலச்சாலை ஒரு மாநிலத்தில், அதனைப் பார்த்து எழுந்த சாலை மற்றொரு மாநிலத்தில். வழியில் இருக்கும் விழிஞத்தில், 2024 ஜூலையில் முதற் பெருங்கப்பல் வந்து புதிய துறைமுகத்தில் நின்றதை நாம் அறிவோம். ஆய் மன்னரின் தலைநகர்க்குக் கலங்கள் திரும்பியிருக்கின்றன.

சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் இப்போது பதினொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். பன்னிரண்டாவது மாணவனாக நானும் சேர்ந்து தமிழெண் பயில்கிறேன். காணி வரைக்கும் வந்துவிட்டேன். வருகிற ஞாயிறு வகுப்பு இங்கே நடவாது. காலை ஆறு மணிக்கு வலியசாலைக் கோயில் வாயிலிலிருந்து வண்டி புறப்பட்டு, விழிஞம் வழியாகப் பார்த்திவபுரம் செல்கிறது. வண்டியில் இன்னும் இருபது இடங்கள் இருக்கின்றன. பாட்டனாரின் நாள்வழிப் புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். வேறு வீடுகளில் பழைய பேரேடுகள் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். தாய்மார்கள் அருள்கூர்ந்து சோறு கட்டிக் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.